முப்பத்தெட்டு தள்ளுபடிகள்

மார்ச் 4, செவ்வாய், காலை 6 மணி 40 நிமிடம்

சொட்டு,

நீ அந்த அணைக்குப் போய் இன்றோடு 578 நாள். அதில் நாம் சேர்ந்து இருந்தது 23 நாள். இது உனக்கு எழுதும் 64-வது கடிதம். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நேராகவே சொல்லிவிடுகிறேன். உன் வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி வக்கீலம்மாவிடம் நேற்றுக் கொடுத்துவிட்டேன்.

கடிதத்தைக் கசக்காதே. மேலே படி.

உச்ச நீதிமன்றத்தின் இணையதளத்திலிருந்து ஐந்து வருஷத் தீர்ப்புகளின் தமிழ் மொழிபெயர்ப்பை இறக்கினேன். மொத்தம் 1,260. எட்டுத் துறையாகப் பிரித்தேன். லிஃப்ட் பழுதுப் பதிவுகளை அலசுவதற்கு ஆபீஸில் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருக்கிறேன் அல்லவா, அதையே கொஞ்சம் மாற்றி ஓடவிட்டேன். நீதிபதிகள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று பளிச்சென்று தெரிகிறது. ஜாமீன் வழக்கில் முன்பு பத்தில் நாலு பேருக்குக் கொடுத்தார்கள், இப்போது ஏழு. நில எடுப்பில் நிலத்துக்காரர் பக்கம். வரி என்றால் அரசாங்கத்தின் பக்கம். குடும்ப வழக்கைச் சமரச மையத்துக்குத் தள்ளிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறார்கள். தொழிலாளர் வழக்கு ஒரு வருஷம் மேலே, ஒரு வருஷம் கீழே, லிஃப்ட் மாதிரியே.

இடமாற்றத்தில்தான் அடி. ‘நிர்வாகியின் நாற்காலியில் நாங்கள் உட்கார முடியாது’ என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதுகிறார்கள். ‘மணமான ஊழியரை முடிந்தவரை துணை வசிக்கும் ஊரில் வைக்க வேண்டும்’ என்ற விதியைக் காட்டி, உன்னைப் போல மேல்முறையீட்டுக்குப் போனவர்கள் 41 பேர். அனுமதி 3. தள்ளுபடி 38. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று முறை அறுந்துபோகிற கயிற்றில் தொங்கும் லிஃப்டில் நான் யாரையும் ஏற்ற மாட்டேன். உன்னையா ஏற்றுவேன்?

தோற்றால் உன் பணிப்பதிவேட்டில் அது ஒட்டிக்கொள்ளும். வாபஸ் வாங்கினால் ஒட்டாது. நீ ராஜினாமா செய்துவிட்டு வா. இந்த ஊரில் தண்ணீர் பரிசோதிக்கிற தனியார் ஆய்வகங்கள் நாலு இருக்கின்றன. வழக்குக்கு அவசரமானால் பயன்படும் என்று இரண்டு வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாயே, அதில் ஒன்றை வாபஸ் மனுவுக்குப் பயன்படுத்திக்கொண்டேன். இன்னொன்று பீரோவில் இருக்கிறது.

அந்த 41 தீர்ப்புகளையும், மற்ற துறைகளிலிருந்து மாதிரிக்கு 30 தீர்ப்புகளையும் அச்செடுத்துப் பார்சலில் அனுப்புகிறேன். படித்துப் பார், புரியும்.

ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் நீ வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில் அப்படியே இருக்கிறது. ‘குடிக்காதே, சாம்பிள்’ என்று உன் கையெழுத்து. அம்மா வந்தபோது கொட்டப் போனாள். பிடுங்கி வைத்தேன்.

உன் ஸ்பேனர்

*

மார்ச் 9, ஞாயிறு

திரு. ஸ்பேனர் அவர்களுக்கு,

கடிதமும் பார்சலும் நேற்று ஜீப்பில் வந்தன. படித்தேன். இரண்டாம் முறையும் படித்தேன், முதல் முறை தப்பாகப் படித்துவிட்டேனோ என்ற நப்பாசையில்.

இங்கே செல்போன் டவர் இல்லை. ரேடியோவில் நீர்மட்டம் தவிர வேறு பேசக் கூடாது. ஜீப் புதனும் சனியும்தான். அதனால்தான் அந்தக் கையெழுத்துகள். வழக்கை நடத்துவதற்குக் கொடுத்தேன். முடிப்பதற்கு என்று எந்த வாயால் சொன்னேன்?

578 நாள் என்று எண்ணத் தெரிகிறது. அதற்கு முந்தைய நாள் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? மாலை ஐந்து மணிக்கு என் மேஜை மேல் ஒரு தாள். ‘மாற்றப்பட்டுள்ளீர்கள்.’ ஏன் என்று யாரும் சொல்லவில்லை. உனக்கு முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து நான் அழுதது ஊரை விட்டுப் போக வேண்டும் என்பதற்காக என்று நீ நினைத்தாய். ஒரு நாற்காலியை நகர்த்துவது போல என்னை நகர்த்தினார்களே என்றுதான் அழுதேன். இப்போது நீயும் ஒரு தாள் அனுப்பியிருக்கிறாய். இந்தத் தடவை கீழே என் கையெழுத்தே இருக்கிறது.

நான் அழுதுகொண்டிருந்ததைப் பம்ப் அண்ணன் பார்த்துவிட்டார். இங்கே ஆய்வகத்துக்கு நான், பம்புக்கு அவர், காவலுக்கு ஒருவர், அவ்வளவுதான் ஊர். “என்னம்மா, வீட்ல யாருக்காவது முடியலையா?” என்றார். “ஆமாண்ணே, என் வீட்டுக்காரருக்கு மூளை முடியல” என்றேன். “அப்ப பயப்படாத. அது எல்லா வீட்லயும் இருக்கறதுதான்” என்று சொல்லிவிட்டு எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் ராஜினாமா செய்ய மாட்டேன். எழுதி வைத்துக்கொள். நீதான் நன்றாக எழுதி வைத்துக்கொள்வாயே.

இங்கே இருக்கிற செய்தித்தாள் மூன்று வாரம் பழசு. அதனால் உன் பார்சலைப் படிப்பேன். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே.

ஆய்வக உதவியாளர்

*

மார்ச் 15, சனி, மதியம் 1 மணி 15 நிமிடம்

சொட்டு,

‘ஆய்வக உதவியாளர்’ என்று முடித்திருக்கிறாய். அதைப் பார்த்துவிட்டு ஒன்பது மாடி ஏறினேன். லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது, இருந்தும் படியில் ஏறினேன். கூட வந்த டெக்னீஷியன், “சார், லிஃப்ட் நாமதானே ரிப்பேர் பண்ணோம், நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டான்.

நீ நியாயம் பேசுகிறாய். நான் நிகழ்தகவு பேசுகிறேன். 38 என்ற எண்ணை நான் கண்டுபிடிக்கவில்லை, அவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு தீர்ப்பின் கடைசி வரியையும் புரோகிராம் எடுத்துக் கொடுக்கிறது. தள்ளுபடி என்றால் தள்ளுபடி. என் பட்டியலில் எந்த வரிசை தப்பு என்று காட்டு. ஒரே ஒரு வரிசை. காட்டினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

வாபஸ் மனு ஏப்ரல் 21 பட்டியலில் வருகிறதாம்.

உனக்கு ஒரு விஷயம் சொன்னதில்லை. தினமும் காலை எட்டு மணிக்கு நீ ரேடியோவில் சொல்கிற நீர்மட்டத்தை எட்டு இருபதுக்கு உன் துறையின் இணையதளத்தில் போடுகிறார்கள். நான் பார்க்கிறேன். தினமும். இன்று 412.37. நேற்று 412.41. அந்த எண்ணைச் சொன்னது உன் வாய். எட்டு மணிக்குள் நீ எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, படி இறங்கி, அளவுகோலைப் பார்த்து, திரும்பி வந்து சொல்லியிருக்கிறாய். எனக்கு அன்றைக்கு அது போதும். போதவில்லை. ஆனால் அதுதான் கிடைக்கிறது.

வீட்டுக்கு வா என்று சொல்வது ஒரு குற்றமா?

ஸ்பேனர்

*

மார்ச் 23, ஞாயிறு

ஸ்பேனர்,

ஒரு வரிசை கேட்டாய். இருபத்தாறு தருகிறேன்.

நாலு நாளாக மாலையில் பம்ப் ரூமுக்கு வெளியே உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். மௌனமாகப் படித்தால் இந்தச் சட்டத் தமிழ் எனக்குள் இறங்கவில்லை. பம்ப் அண்ணன் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பதினேழாவது வழக்கு, ஒரு நர்ஸ், கணவர் பஸ் டிரைவர். கடைசியில் ‘தள்ளுபடி செய்யப்படுகிறது’ என்று முடித்தேன். அண்ணன் கேட்டார்:

“சரிம்மா, இதுல ஜெயிச்சது யாரு?”

“தள்ளுபடிண்ணே. அந்தம்மா தோத்துட்டாங்க.”

“அப்புறம் எதுக்கு, வீட்டுக்காரர் இருக்கற ஊர்லயே வேலை குடுத்தாச்சுன்னு நடுவுல படிச்ச?”

திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிக்கு மேலே மூன்றாவது பத்தி. அப்படியே எழுதுகிறேன்: ‘கடந்த விசாரணையில் நாங்கள் எழுப்பிய கேள்விக்குப் பிறகு, துறை மனுதாரரை நேரில் அழைத்துக் கேட்டு, அவர் கோரிய ஊரிலேயே பணி வழங்கியிருக்கிறது. இனி இதில் நாங்கள் தீர்மானிக்க ஒன்றுமில்லை. மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.’

அந்த நர்ஸ் வீட்டுக்குப் போய்விட்டாள், ஸ்பேனர். உன் பட்டியலில் அவள் தோற்றவள்.

மறுபடி முதலிலிருந்து படித்தேன். உன் 38-இல் 26 இப்படித்தான். வழக்கு நடக்கும்போதே துறை இறங்கி வந்து கொடுத்துவிட்டது, வழக்கு தேவையில்லாமல் போனது, அதனால் தள்ளுபடி. உண்மையில் தோற்றவர்கள் 12 பேர். 41 பேரில் 29 பேர் வீட்டில் இருக்கிறார்கள்.

அந்தக் கேள்வி என்ன என்று தேடினேன். ஒரே கேள்விதான். ‘மாற்றும் முன் அவரைக் கேட்டீர்களா?’

அதற்குப் பிறகு மாதிரிக்கு அனுப்பினாயே, மற்ற முப்பது, அவற்றையும் எடுத்தேன். நிலம் எடுத்த வழக்கில் ‘உடைமையாளரைக் கேட்டீர்களா?’ ஓய்வூதியத்தை நிறுத்திய வழக்கில் ‘நிறுத்தும் முன் அந்தக் கிழவரைக் கேட்டீர்களா?’ கடை உரிமத்தை ரத்து செய்த வழக்கு, மருந்தாளர் ஒருவரின் பதிவை நீக்கிய வழக்கு, எல்லாவற்றிலும் அதேதான். நீ எட்டுத் துறையாகப் பிரித்து எட்டுப் பக்கம் சாய்கிறது என்றாய். இந்த ஐந்து வருஷமாக அவர்கள் ஒரே திசையில்தான் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. முடிவு சரியா தப்பா என்று பிறகுதான் பார்க்கிறார்கள். சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் எடுத்திருந்தால் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுகிறார்கள்.

இதை உனக்கு எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இல்லை. நீ என்னைக் கேட்கவில்லை. 41 பேரைப் பற்றித் தெரிந்துகொள்ள 1,260 தீர்ப்பு இறக்கினாய். ஒரே ஒருத்திக்கு, ‘என்ன செய்யலாம்?’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் பத்து நாளில் பதில் வந்திருக்கும்.

எட்டு இருபதுக்கு நீ பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு நாலு நாளாக அந்த எண்ணைச் சொல்லும்போது குரல் சரியாக வரவில்லை. தலைமை அலுவலகத்தில் “மறுபடி சொல்லுங்க மேடம், கேக்கல” என்கிறார்கள்.

இதற்கு மேல் உன்னை நம்பி உட்கார்ந்திருக்க மாட்டேன். செய்ய வேண்டியதை நானே செய்துகொள்கிறேன்.

சொட்டு

*

மார்ச் 31, திங்கள், மாலை 5 மணி 50 நிமிடம்

சொட்டு,

வாயை மூடிக்கொள்வதாகச் சொன்னேன். பேனாவைப் பற்றிச் சொல்லவில்லை.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. 38 தீர்ப்பையும் கண்ணால் படித்தேன், புரோகிராமை விட்டுப் படிக்கவைக்கவில்லை. 26. நீ சொன்னது சரி. இருமுறை எண்ணிவிட்டேன்.

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு புகாருக்கும் கடைசியில் ‘முடிந்தது’ என்று ஒரு கட்டம் உண்டு. லிஃப்ட் சரியானாலும் ‘முடிந்தது’தான், அந்தக் கட்டடத்தையே இடித்துவிட்டாலும் ‘முடிந்தது’தான். புதிதாக வருகிற டெக்னீஷியன்களிடம் நான் கத்துகிற ஒரே விஷயம் இதுதான்: “முடிஞ்சதுன்னு டிக் அடிக்காதீங்கய்யா, எப்படி முடிஞ்சதுன்னு எழுதுங்க.” ஆறு வருஷமாகக் கத்துகிறேன். உன் விஷயத்தில் நான் பார்த்தது அந்தக் கட்டத்தை மட்டும்தான்.

இது ஒரு தப்பு. தொழில் தப்பு. திருத்திவிடலாம். உன்னைக் கேட்காதது வேறு ரகம். 93 சதவிகிதம் சரியாகவே இருந்திருந்தாலும் அது தப்புதான். இதை எழுதி முடிக்க எனக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. இரண்டு வரிதான்.

இன்னொன்று. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் நீர்மட்டம் 412.00, 412.00, 411.50. நீ ஒருநாளும் இப்படி முழுசாகவோ அரையாகவோ சொன்னதில்லை. பம்ப் அண்ணன்தான் இப்படிச் சொல்வார் என்று முன்பே எழுதியிருக்கிறாய், ‘அவருக்குத் தண்ணி அரை மீட்டருக்குக் கீழ கண்ணுக்குத் தெரியாது’ என்று. வெள்ளிக்கிழமை உன் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து உனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். அவர்கள் அளவு சரியாக வருகிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

இன்று காலை வக்கீலம்மாவிடம் ஓடினேன், வாபஸ் மனுவைத் திரும்ப வாங்க. அவர் கண்ணாடியைக் கழற்றாமலே என்னைப் பார்த்தார்.

“லேட்டு தம்பி. வியாழக்கிழமையே உங்க மனைவி போன் பண்ணிட்டாங்க. டவுன்ல ஏதோ கடையிலருந்து.”

“என்ன சொன்னாங்க?”

“கையெழுத்து என்னோடதுதான், வார்த்தை என்னோடது இல்லன்னாங்க. முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு வாக்குமூலம் நான் கேட்டதில்ல. மனுவை எடுத்துட்டேன். வழக்கு இருபத்தொண்ணாம் தேதி அப்படியே வருது. உங்க மேல எனக்கும் கோபம் இருக்கு தம்பி. அது வெத்துத்தாள்ல ரொப்பினதுன்னு நீங்க ஏன் எங்கிட்ட சொல்லல?”

நின்றுகொண்டே இருந்தேன். “உக்காருங்க, கட்டணம் கிடையாது” என்றார்.

வியாழக்கிழமை 11.20-க்கு என் போனில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு, எடுக்கப்படாமல். நான் அப்போது லிஃப்ட் குழிக்குள் இருந்தேன். மேலே வந்து திரும்ப அழைத்தேன். கடைக்காரர் எடுத்தார். “அந்தம்மா அப்பவே போய்ட்டாங்களே” என்றார். யார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இப்போது கேட்கிறேன். 27 நாள் தாமதம். உனக்கு என்ன வேண்டும்?

ஸ்பேனர்

*

ஏப்ரல் 6, ஞாயிறு

ஸ்பேனர்,

நேற்று மூன்று கடிதம் வந்தது. துறையிலிருந்து இரண்டு. உன்னுடையதைத்தான் கடைசியாகப் பிரித்தேன். நல்லதைக் கடைசிக்கு வைக்கிற பழக்கம், கெட்டதையும் அப்படியே வைக்கிற பழக்கம், இரண்டும் எனக்கு உண்டு. எது என்று தெரியாமல்தான் பிரித்தேன்.

ஆமாம், டவுனுக்குப் போனேன். மிச்சம் இருந்த மூன்று நாள் விடுப்பும் தீர்ந்தது. முதலில் வக்கீலம்மா. பிறகு உன் எண். ஒன்பது முறை ரிங் போயிற்று. எடுக்காததும் நல்லதுக்குத்தான். எடுத்திருந்தால் திட்டியிருப்பேன், இல்லையென்றால் அழுதிருப்பேன். கடைக்காரர் இரண்டுக்கும் சேர்த்து வேடிக்கை பார்த்திருப்பார். கடைக்கு எதிரே ஒரு பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ திரும்ப அழைப்பாய் என்றுதான். மறுபடி அழைக்க மனம் வரவில்லை. சனிக்கிழமை ஜீப்பில் ஏறித் திரும்பிவிட்டேன்.

என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். கேட்ட பிறகு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

வேலை வேண்டும். அது சும்மா கிடைத்தது இல்லை. துறை என்னை உட்காரவைத்துக் கேட்க வேண்டும். இல்லை என்று சொல்வதாக இருந்தாலும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். காலையில் எழுந்தால் நீ பல் தேய்த்துக்கொண்டே பேசுகிற, ஒரு எழுத்தும் புரியாத அந்தப் பேச்சு வேண்டும். ஜன்னல் பக்கம் என்னுடைய இடம். இந்த வரிசையில்தான் வேண்டும் என்று இல்லை. எல்லாம் ஒன்றாகத்தான் வேண்டியிருக்கிறது. அதனால்தான் உன் எட்டுத் துறையில் என்னை எதிலும் வைக்க முடியவில்லை.

21-ஆம் தேதிக்கு எனக்கு விடுப்பு இல்லை. நீ போ. பேசாதே, உட்கார்ந்து கேள். அவர்கள் கேட்கிறார்களா என்று மட்டும் எனக்குச் சொல்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதை நேரில் தீர்த்துக்கொள்வதற்கு வைத்திருக்கிறேன்.

அந்தப் பாட்டிலைத் திறக்காதே. நான் வந்து திறக்கிறேன்.

சொட்டு

*

ஏப்ரல் 21, திங்கள், பிற்பகல் 2 மணி 5 நிமிடம்

சொட்டு,

626 நாள். 67-வது கடிதம். உச்ச நீதிமன்றத்துக்கு வெளியே, படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள்.

உன் வழக்கு 34-வது எண். 12.16-க்குக் கூப்பிட்டார்கள், 12.20-க்கு முடிந்தது. நாலு நிமிடம். வலது பக்கம் இருந்த நீதிபதி, வயதான பெண்மணி, கோப்பைப் புரட்டிக்கொண்டே துறையின் வக்கீலிடம் ஆங்கிலத்தில் கேட்டார், உனக்கு நம் பேச்சில் எழுதுகிறேன்: “மாத்தறதுக்கு முன்னாடி இந்தம்மாகிட்ட கேட்டீங்களா?”

கேட்டுவிட்டார், சொட்டு. அதே கேள்வி. துறையின் வக்கீல் ஒரு தாளைத் திருப்பினார், இன்னொன்றைத் திருப்பினார், பின்னால் நின்ற அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி மேலே ஃபேனைப் பார்த்தார். “கேட்டதா பதிவு இல்லைங்க” என்றார் வக்கீல்.

“அப்ப கூப்பிட்டுக் கேளுங்க. கேட்டுட்டு நாலு வாரத்துல வந்து சொல்லுங்க.”

அடுத்த தேதி மே 19. அதற்குள் உன்னைத் தலைமை அலுவலகத்துக்கு, அதாவது நம் வீட்டிலிருந்து ஆறு நிறுத்தம் தள்ளி, விசாரணைக்குக் கூப்பிட வேண்டும். ஜெயித்துவிட்டோம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பன்னிரண்டு பேரையும் இப்போது எனக்கு மனப்பாடமாகத் தெரியும். வெளியே வந்ததும் வக்கீலம்மா சொன்னார்: “தம்பி, இனிமே இது தள்ளுபடி ஆச்சுன்னு நான் போன் பண்ணா, முழுசாக் கேட்டுட்டு அப்புறம் மூஞ்சியத் தொங்கப் போடுங்க.”

இன்று எட்டு இருபதுக்குப் பார்த்தேன். 411.83. நன்றாகவே கேட்டது.

இனி நான் செய்யப்போவது:

1. நீ கையெழுத்துப் போட்ட இரண்டாவது வெள்ளைத்தாளை இந்தக் கடிதத்தோடு வைக்கிறேன். எண்ணிப் பார்த்துக்கொள், ஒரு எழுத்தும் இல்லை.

2. 41 வரிசையையும் திருத்தி, ஒவ்வொன்றின் எதிரிலும் எப்படி முடிந்தது என்று எழுதுவேன்.

3. உன் விசாரணைத் தேதி தெரிந்ததும் பஸ் நிலையத்தில் நிற்பேன். பஸ் எத்தனை மணிக்கு வருகிறதோ, அதற்கு முன்னால்.

4. விசாரணை அறைக்கு வெளியே உட்காருவேன். நீ கூப்பிட்டால் உள்ளே வருவேன்.

5. அவர்கள் இல்லை என்று சொன்னால், ராஜினாமா என்ற சொல்லை நான் எடுக்க மாட்டேன். அணைப் பக்கம் லிஃப்ட் கிடையாது, தெரியும். பம்ப் ரிப்பேர் செய்யத் தெரிந்த ஆள் வேண்டுமா என்று பம்ப் அண்ணனைக் கேட்டு வை. வேண்டாம், அவரைக் கேட்பதற்கு முன் நீ சரி என்று சொல்.

6. பாட்டிலைத் திறக்க மாட்டேன்.

7. ஏழாவது ஒன்று வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். உன்னைக் கேட்ட பிறகு எழுதுகிறேன்.